அப்பா காட்டிய பார்

கன்னியாகுமரிக்கு மேற்கே, தென்னந்தோப்புக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூரொன்றில் பிறந்தவர்கள் நாங்கள். அண்ணனும் தம்பியுமாக இருவர். ஒருவர் கடலோடியாகவே நின்றுவிட்டார். மற்றவர் பள்ளி ஆசிரியராகப் பணிசெய்து ஓய்வு பெற்றார். இன்னது செய்தவர் இன்னார் என்று பிரித்துச் சொல்ல இக்கட்டுரையில் நாங்கள் விரும்பவில்லை. சொல்லப்போகும் நன்மையிலும் தவற்றிலும் இருவருக்கும் சமபங்கு உண்டு. ஆதலால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

எழுதத் தூண்டியது ஒரு மீன். நகரத்துச் சந்தைகளில் செந்நிறமான கடல் மீன்கள் பலவற்றுக்கும் சங்கரா என்று ஒரே பெயர் சொல்லி விற்கிறார்கள். அவற்றுள், ஆழத்துப் பாறைகளை ஒட்டி வாழ்ந்து, கைக்குழந்தையின் எடைக்கும் மேலாக வளரக்கூடியதை நாங்கள் செப்பிலி என்போம். வாயின் முன்புறம் நாய்ப்பல் போன்ற கூரிய பற்கள். முதுகில் கையைக் கிழிக்கும் முட்கள். செதில்களோ காலை வெயிலில் செம்பு போல் மின்னும். எங்கள் இளமைக் காலத்தில் வீட்டில் அடுப்பு எரிந்ததும், எங்களில் ஒருவர் ஆசிரியர் பயிற்சிக்குப் போனதும் பெரும்பாலும் இந்த மீனால்தான்.

1976 ஆம் ஆண்டில் அப்பா எங்களை முதன்முதலாக மரத்தில் ஏற்றினார். மூத்தவருக்கு வயது 14, இளையவருக்கு 12. மரம் என்றால் கட்டுமரம். அதை நேரில் கண்டிராத வாசகர்களுக்காகச் சொல்கிறோம்: அது படகு அன்று. படகுக்கு உட்குழிவு உண்டு. நீர் நிறைந்தால் மூழ்கும். கட்டுமரமோ, வளைவாகச் செதுக்கிய சில தடிகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. அலை அதன்மேல் ஏறி, தடிகளின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளை மணலில் உலரப் போடுவார்கள். கடலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் அப்பா தம் கலத்தைப் புதிதாகக் கட்டினார் என்றே சொல்லவேண்டும்.

விடியலுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் புறப்படுவோம். அந்நேரம் நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் கரைக்காற்று, பாயில் பட்டுத் தள்ளிக்கொண்டு போகும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று எழும். அது திருப்பிக் கொண்டுவரும். இந்த இரண்டு காற்றுகளின் நடுவில் கிடைக்கும் சில மணி நேரமே எங்கள் வேலை நேரம். பனையோலைப் பெட்டியில் முந்தின நாள் வாங்கிய கணவாயும் சாளையும் இரைக்காக இருக்கும். குடிநீர் ஒரு பானையில். பழஞ்சோறு ஒரு தூக்குப் பாத்திரத்தில். இருட்டில் அப்பாவின் முகம் தெரியாது; பீடியின் நெருப்பு மட்டும் தெரியும்.

கீழ்வானம் வெளுத்ததும் அப்பா பாயைச் சுருட்டுவார். சுற்றிலும் நீரைத் தவிர வேறெதுவும் இல்லை. நாங்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா சொன்னார்: "மக்களே, கரையப் பாருங்க. கடல்ல ஒண்ணும் எழுதி வைக்கல. எழுதுனதெல்லாம் கரையிலதான் இருக்கு."

கடலடியில் பாறைகள் திரண்டு மேடாகக் கிடக்கும் இடத்தைப் பார் என்பது எங்கள் வழக்கு. சுற்றிலும் வெறும் மணலும் சேறும் இருக்க, பாரில் மட்டும் சிப்பியும் பாசியும் படர்ந்திருக்கும். அவற்றை நாடிச் சிறு மீன்களும், சிறு மீன்களை நாடிச் செப்பிலியும் கலவாவும் விளமீனும் கூடும். அப்பாவின் பார், பரப்பில் எங்கள் ஊர் விளையாட்டுத் திடலைவிடப் பெரிதன்று. 28 பாகம் ஆழத்தில், அதாவது ஏறத்தாழ 50 மீட்டர் நீருக்கடியில், ஒரு திடலளவு பாறை! அதை வெறும் கண்ணால் கண்டடைவது எப்படி?

அதற்கு இரண்டு கோடுகள் வேண்டும். எங்கள் ஊர்க் கோயிலின் கோபுர முனை, தொலைவில் தெரியும் மருந்துவாழ்மலையின் ஒரு வெட்டுக்கு நேர் கீழே வந்து நிற்கவேண்டும். அது முதல் கோடு. மேற்கே அடுத்த ஊர் மணல்மேட்டில் நின்ற பனங்கூட்டம், வேளிமலையின் கிழக்குத் தோளோடு சேரவேண்டும், அது இரண்டாவது. இரண்டும் ஒரே வேளையில் பொருந்தும் இடம் கடலில் ஒன்றே ஒன்றுதான். இந்தக் கலைக்குக் கணியம் என்று பெயர். பிற்காலத்தில் பள்ளியில் வடிவியல் கற்பித்தபோது, இரண்டு நேர்கோடுகள் ஒரு புள்ளியில் மட்டுமே வெட்டும் என்று கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தக் காலைப்பொழுது நினைவுக்கு வந்தது.

கோடுகள் பொருந்தியபின் அப்பா ஈயக்கட்டியைக் கயிற்றில் இறக்குவார். மணலானால் ஈயம் மெத்தென்று அமரும். பாறையானால் தட்டும், அந்தத் தட்டு, 28 பாகம் கயிற்றின் வழியே ஏறி விரல் நுனிக்கு வந்து சேரும். எங்கள் கையில் கயிற்றைக் கொடுத்து, "இது என்ன?" என்று கேட்பார். மூன்று பருவங்களுக்குப் பிறகுதான் பிழையின்றிச் சொன்னோம். அன்று அவர் எங்களைப் பாராட்டவில்லை. மறுநாள் துடுப்பை எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். பாரை நாங்களே தேடிச் சேர்ந்தோம். அதுவே அவர் அளித்த சான்றிதழ்.

நாங்கள் மரமேறிய அதே 1976 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் தம் கடல் எல்லையை வரையறுத்து உடன்பாடு செய்துகொண்டன. கன்னியாகுமரிக்குத் தெற்கே, பாறை மீன்களுக்குப் பேர்பெற்ற வாட்ஜ் மேடு இந்தியாவின் உரிமைக்கு உட்பட்டது என்பதும் அப்போது ஏற்கப்பட்டது. அந்த எல்லை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் ஆனது. அப்பாவுக்கு அந்த எண்கள் தெரியா. அவருடைய கோடுகள் கோபுரத்தாலும் மலையாலும் பனையாலும் ஆனவை. எண்களை எவரும் எவருக்கும் எழுதிக் கொடுக்கலாம். அப்பாவின் கோடுகளையோ, அவரோடு மரத்தில் உட்கார்ந்து பார்த்தவரே பெற முடியும். இந்த வேறுபாட்டின் பொருள் எங்களுக்கு விளங்க முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

செப்பிலி பிடிப்பதைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். தங்கூசி நரம்பின் நுனியில் ஈயம். அதற்கு மேலே இரண்டு தூண்டில் முட்கள். ஈயம் பாறையைத் தொட்டதும் ஒரு முழம் தூக்கிப் பிடிக்கவேண்டும். இல்லையேல் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். நரம்பு விரலை அறுக்காதிருக்க மிதிவண்டியின் பழைய ரப்பர் குழாயை வெட்டி விரலில் மாட்டிக்கொள்வோம். முதலில் இலேசாக இரண்டு மூன்று தட்டு. அவை சிறு மீன்களின் வேலை, பொறுத்திருக்கவேண்டும். பின்பு ஒரே இழுப்பு. அப்போது பொறுக்கக்கூடாது. முதல் மூன்று பாகத்தை மூச்சுவிடாமல் வலித்துவிடவேண்டும். அதற்குள் மீன் பாறை இடுக்கில் புகுந்துவிட்டால் நரம்பும் முள்ளும் ஈயமும் கடலுக்குக் காணிக்கை.

மேலே வர வர அதன் போராட்டம் தணியும். நீரினூடே பார்த்தால் முதலில் ஏதோ கருநிழல் ஏறிவருவது போலிருக்கும். சில பாகம் இருக்கும்போது அது சாம்பல் நிறமாகும். கைக்கெட்டும் தொலைவில் வந்ததும் திடீரெனச் சிவக்கும். பின்னாளில் படித்து அறிந்தோம்: சூரிய ஒளியின் நிறங்களில் சிவப்பே நீரில் முதலில் மறைந்துபோகிறது. 50 மீட்டர் ஆழத்துக்குச் சிவப்பொளி போய்ச் சேர்வதில்லை. ஆதலால் அங்கே செந்நிற மீன் கருநிழலாகவே தோன்றும். நாம் வியக்கும் அந்த அழகு, அதன் வாழிடத்தில் அழகன்று, மறைப்பு.

மேலே வந்த மீனின் வாயிலிருந்து இளஞ்சிவப்பாய் ஒரு பை பிதுங்கியிருக்கும். அதன் குடல் என்று சிறுவயதில் எண்ணினோம். உண்மையில் அது இரைப்பை. 28 பாகம் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. அந்த அழுத்தத்துக்கு ஏற்பச் சுருங்கியிருந்த காற்றுப்பை, மீனைச் சடுதியில் மேலே இழுக்கும்போது விரிந்து, இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளிவிடுகிறது. ஒருநாள், சாண் அளவே இருந்த குஞ்சு ஒன்று முள்ளில் வந்தது. இரக்கப்பட்டு அதை நீரில் விட்டோம். அது வயிறு மேலாகப் புரண்டு மிதந்தது, கீழே போக வாலை அடித்து அடித்துப் பார்த்தது, போக முடியவில்லை. சற்று நேரத்தில் ஒரு கடற்பறவை கொத்திக்கொண்டு போயிற்று. அப்பா சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. "ஆழத்துல இருந்து ஏத்துனத சும்மா விட்டா தாழாது மக்களே. ஏத்துகதுக்கு முந்தி யோசிக்கணும்" என்றார்.

அப்பா ஒரு நாளில் 12 மீனுக்கு மேல் எடுக்கமாட்டார். பன்னிரண்டாவது மீன் ஏறியதும், இரை மீதமிருந்தாலும் கயிற்றைச் சுற்றிவிடுவார். ஒருமுறை போன பாருக்குப் பதினைந்து நாள் கழியாமல் மறுபடி போகமாட்டார். அவரைப் புனிதராக்கிக் காட்ட நாங்கள் முனையவில்லை. கட்டுமரத்தில் பனிக்கட்டி கிடையாது. அதிகம் பிடித்தால் கெட்டுப்போகும். வரத்து மிகுந்தால் வியாபாரி விலையை இறக்கிவிடுவார் என்பதும் அவர் கணக்கில் இருந்தது. பாரைப் பிறரிடமிருந்து மறைப்பதிலும் அவர் வல்லவர். தொலைவில் வேறொரு மரத்தின் பாய் தெரிந்தால் கயிற்றை ஏற்றிவிட்டு, காற்றில்லாமல் நிற்பவர்போல் நீவாட்டின் போக்கில் மரத்தை ஒழுக விடுவார். மீன் எங்கே கிடைத்தது என்று கரையில் கேட்பவர்களுக்கு அவர் சொன்ன பதில்கள் அனைத்தும் உண்மை என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் அந்த மறைப்பிலும், கருவியின் குறைவிலும், பனிக்கட்டி இல்லாமையிலும் ஒரு காவல் இருந்தது. செப்பிலி விரைந்து பெருகும் சாளை அன்று. மெல்ல வளர்வது, தன் பாரை விட்டு எளிதில் அகலாதது. மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை அறுத்துப் பார்த்தால், மரத்தின் வளையங்களைப்போல் அதிலும் ஆண்டு வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், செப்பிலி இனங்களுள் சில 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்வதைக் கண்டிருக்கிறார்கள். அப்படியானால், அந்தக் காலைகளில் நாங்கள் மரத்தில் ஏற்றிய பெரிய மீன்களுள் எங்களைவிட மூத்தவையும் இருந்திருக்கக்கூடும்.

1998 ஆம் ஆண்டு அப்பா இறந்தார். அதற்கு ஒரு வாரம் முன்பு, கட்டிலில் கிடந்தபடியே எங்கள் இருவரையும் அழைத்துப் பாரின் அடையாளங்களைச் சொல்லச் சொன்னார். சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சொன்னார்: "ஆருக்கும் குடுக்கக் கூடாதுண்ணு நான் சொல்லல. குடுக்கும்போ ஆளக் கூட்டிட்டுப் போய்க் குடுங்க. எழுதிக் குடுக்காதீங்க."

அந்தச் சொல்லின் பொருளை அப்போது நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எழுத்தறியாதவர் எழுத்தின்மீது கொண்ட ஐயம் என்று நினைத்தோம்.

அந்நாட்களில்தான் செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் கருவிகள் கடற்கரைகளுக்கு வரத் தொடங்கின. ஜி.பி.எஸ். என்ற பெயர் எங்கள் ஊரில் சிறுவர் வாயிலும் புழங்கலாயிற்று. அமெரிக்கா அந்த அமைப்பில் பொதுமக்களுக்குரிய சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் இடம் 100 மீட்டர் வரை தவறிக் காட்டும். 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. திடலளவு பாறை ஒன்றை 100 மீட்டர் தவற்றோடு தேடுவது வேறு. சில மீட்டர் தவற்றோடு தேடுவது வேறு. உலகின் மறுபுறத்தில் எடுக்கப்பட்ட ஒரு முடிவால், எங்கள் அப்பாவின் இரகசியம் பன்னிரண்டு பதினான்கு இலக்கங்களில் அடங்கும் பொருளாயிற்று. அப்பா காட்டியதை எவரும் விற்க முடியாது. அதை வாங்குபவர் எங்களோடு கடலுக்கு வந்தாக வேண்டும். எண்ணையோ மேசைமேல் வைத்து விற்கலாம்.

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எங்கள் வள்ளத்தையும் வலைகளையும் கொண்டுபோயிற்று. உயிர்ச்சேதம் எங்கள் வீட்டில் இல்லை, ஊரில் இருந்தது. கடன் வாங்கிக் கண்ணாடியிழைப் படகொன்றும் எஞ்சினும் எடுத்தோம். கடன் வளர்ந்தது. 2007 ஆம் ஆண்டில் வட்டி கட்ட வழியில்லாத ஒரு மாதத்தில், வேறொரு துறையைச் சேர்ந்த விசைப்படகு உரிமையாளர் ஒருவர் ஆளனுப்பினார். செப்பிலி கிடக்கும் பார் உங்கள் குடும்பத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். எண் கொடுத்தால் 25,000 ரூபாய் என்றார் வந்தவர்.

இரண்டு இரவுகள் நாங்கள் உறங்கவில்லை. கடலில் உள்ள மீன் எவருக்கும் சொந்தமன்று என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அது மெய்யே. நாம் சொல்லாவிடினும் எவரேனும் ஒருநாள் கண்டுபிடிக்கத்தான் போகிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டோம். அதுவும் மெய்யாக இருக்கலாம். மூன்றாம் நாள் கருவியோடு போனோம். கோபுரம் மலைவெட்டின் கீழ் வந்தது, பனை தோளோடு சேர்ந்தது, ஈயம் தட்டிற்று. பொத்தானை அழுத்தினோம். பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளில் எண்களை எழுதிக் கொடுத்தோம். பணம் வந்தது. வட்டி கட்டினோம்.

தாளில் எழுதியது எண்கள் மட்டுமே. பன்னிரண்டோடு நிறுத்து என்பது அதில் இல்லை. பதினைந்து நாள் விட்டுப் போ என்பதும் இல்லை. கயிறு வழியே பாறையின் தட்டைக் கேட்கும் விரல் அதில் இல்லை. எழுதிக் கொடுக்காதீர்கள் என்று அப்பா சொன்னதன் பொருள் அப்போதுதான் எங்களுக்குப் புலப்பட்டது. ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் மீனோடு அளவும் கைமாறும். தாளில் மீன் மட்டுமே கைமாறும்.

நூற்றுக்கணக்கான முட்கள் கோத்த நீண்ட கயிறுகளோடும், அறைநிறையப் பனிக்கட்டியோடும் அந்தப் படகு சில இரவுகள் பார்மேல் நின்றது. பின்னர் எண் மேலும் சிலரிடம் விலைபோயிற்று என்று கேள்வி. ஓராண்டு கழித்து நாங்கள் போனபோது ஈயம் பாறையைத் தட்டியது. தூண்டிலை எதுவும் தட்டவில்லை. விடியலிலிருந்து நண்பகல் வரை இருந்து, இரண்டு சிறு நவரை மீன்களோடு திரும்பினோம். அறுந்து கிடந்த வலைத்துண்டு ஒன்றும் முள்ளில் சிக்கி வந்தது.

படகு உரிமையாளரைக் குறைகூற எங்களுக்கு நாவில்லை. அவர் விலைக்கு வாங்கினார், நாங்கள் விற்றோம்.

இதை வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. அம்மா தலைச்சுமையாக மீன் விற்று எங்களை வளர்த்தவர். அப்பா கொண்டுவரும் 12 மீனில் எத்தனை விற்பது, எத்தனை அடகுக்கடைக்கு, எது குழம்புக்கு என்று மணலில் நின்றபடியே கணக்கிடுவார். இறுதிக் காலத்தில் கண்பார்வை மங்கியிருந்தது. ஒருநாள் மாலை, "நம்ம பாருல மீனு கெடக்கா மக்களே?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் அருகில் இருந்தோம். "கெடக்கும்மா" என்றோம். அந்தப் பதிலோடு அவர் போய்ச் சேர்ந்தார். விற்றது பெரிதா, இந்தப் பொய் பெரிதா என்று எங்களுக்குள் பலநாள் பேசியிருக்கிறோம். இரண்டும் ஒன்றின் இரு முனைகள் என்றே இப்போது தோன்றுகிறது.

இப்போது ஏன் இதை எழுதுகிறோம்? 2023 ஆம் ஆண்டு சனவரியில், பொறியியல் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்த எங்கள் வீட்டு இளையவன், "தாத்தாவோட பார் நம்பர் உங்கக்கிட்ட உண்டுமா?" என்று கேட்டான். எண் உண்டு என்று நாங்கள் சொல்லவில்லை. நாளை விடியலில் வா என்றோம்.

போனால் கரை மாறியிருந்தது. பழைய கோயிலை இடித்துப் புதிதாக எழுப்பிய கோபுரம், முன்னதைவிட உயரமாக, 30 தப்படி கிழக்கே தள்ளி நிற்கிறது. கரையில் 30 தப்படி தள்ளினால் கடலில் அதைவிடப் பெரிய விலகல் ஏற்படும். பனங்கூட்டம் நின்ற மேட்டில் இப்போது வீடுகள். மாறாதவை இரண்டு மலைகள் மட்டுமே. பழைய கோபுரத்தை மனத்தில் நிறுத்தி, இல்லாத பனையை இருந்த இடத்தில் நட்டு, ஈயத்தை இறக்கியும் ஏற்றியும் அரைநாள் தேடினோம். இளையவன் பொறுமை இழக்கவில்லை. கடைசியில் கயிறு அவன் கையில் இருந்தபோதுதான் ஈயம் தட்டியது. "கல்லு!" என்றான். அவன் முகத்தில் நாங்கள் கண்ட மலர்ச்சி, எங்களுடையதாக ஒருநாள் இருந்தது.

அன்று வந்தது ஒரே ஒரு செப்பிலி. ஒன்றரைச் சாண் நீளம். வாயில் அதே இளஞ்சிவப்புப் பை. பல ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பாரில் நாங்கள் கண்ட முதல் செப்பிலி அது. விட்டுவிடுவோம் என்று எவர் முதலில் சொன்னோம் என்பது நினைவில்லை. நீரில் விட்டோம். அறுபது வயதைத் தொட்ட எங்கள் கண்முன்னே, சிறுவயதில் கண்ட அதே காட்சி: புரண்டு, வாலை அடித்து, கீழே போக முடியாமல் மிதந்தது.

இளையவன் சொன்னான்: அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாவில் பாறை மீன் பிடிக்கப் போகும் படகுகள், இப்படி வரும் மீனை மீண்டும் ஆழத்தில் இறக்கும் கருவியையோ, காற்றை வெளியேற்றும் ஊசியையோ ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும் என்று 2022 இல் சட்டமே நடைமுறைக்கு வந்ததாம். கருவி என்றால் பெரிதொன்றும் இல்லை. ஒரு எடையும் ஒரு முள்ளும் போதும். எங்களிடம் இரண்டும் இருந்தன. குறட்டால் முள்ளின் எதிர்ச்செதிலை நசுக்கித் தட்டையாக்கினோம். ஈயத்தோடு முள்ளைத் தலைகீழாகக் கட்டி, மீனின் கீழுதட்டில் மாட்டி, கயிற்றை மெல்ல விட்டோம். ஈயத்தின் எடை மீனைத் தலைகீழாக இழுத்துக்கொண்டு இறங்கியது. சிவப்பு சாம்பலாயிற்று, சாம்பல் நிழலாயிற்று, நிழலும் மறைந்தது. வாழ்நாளெல்லாம் மேலே ஏறிவரக் கண்ட நிறமாற்றத்தை அன்றுதான் முதன்முறையாக எதிர்த்திசையில் கண்டோம். 28 பாகம் போனதும் ஈயம் தட்டியது. கயிற்றை வெடுக்கென்று மேலே சுண்டினோம். கனம் குறைந்தது. முள் வெறுமையாக ஏறி வந்தது.

அது பிழைத்ததா என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு மீனால் ஒரு பார் நிறையாது என்பதும் தெரியும். ஆயினும் ஒன்றை அன்று கற்றோம். ஆழத்திலிருந்து எடுத்ததை மேலே நின்றபடி கைவிட்டால் அது திருப்பிக் கொடுத்தல் ஆகாது. வருந்துகிறோம் என்று நினைத்துக்கொள்வதும் அப்படிப்பட்டதே. எடுத்த ஆழத்துக்கே கொண்டுபோய் விடவேண்டும். அதற்கு எடை வேண்டும், கயிறு வேண்டும், நேரம் வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நாங்கள் மௌனமாக வைத்திருந்ததை இங்கே எழுதுவது, அந்தக் கயிற்றின் முதல் பாகம்.

திரும்பும்போது கடற்காற்று எழுந்துவிட்டது. இளையவனின் சட்டைப்பையில் கைபேசி இருந்தது. ஒரே தொடுதலில் அந்த இடத்தின் எண்கள் அதில் பதிந்துவிடும். பதித்தானா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எங்களுக்கு இல்லை. எஞ்சினை இயக்கப் போனபோது, "கொஞ்சம் நில்லுங்க" என்று கைகாட்டினான். எங்களுக்கு முதுகு காட்டி நின்று, புதிய கோபுரத்தையும் மலைவெட்டையும் மாறி மாறி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "கோபுரத்துல இருந்து எவ்வளவு மேற்க புடிக்கணும்?" என்று கேட்டான்.

நாங்கள் அவன் இருபுறமும் வந்து நின்று, கையை நீட்டிக் காட்டினோம்.